தாத்தா போட்ட பந்தலில் என் முதல் கவாத்து

கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறையாகப் பன்னீர் திராட்சைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. சுருளிப்பட்டிப் பக்கம் தாத்தா கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் போட்ட பந்தல் அது. முழங்கால் வலியால் அப்பா நிற்கச் சிரமப்பட்டதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வெளிநாடுகளில் மஸ்கட் ஹாம்பர்க் என்று ஒயினுக்கும் வளர்க்கும் ரகம்தான் இது. 2023-இல் எங்கள் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பூரித்தது.

டிசம்பர் கடைசியில், பழைய கொடிகளை வெட்டிவிடும் கவாத்துக்காகக் கத்தரியை எடுத்தேன். அப்பத்தா பந்தலுக்கடியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கொடியாகக் காட்டினார். “தோல் பழுப்பேறிப் பென்சில் கனத்தில் இருக்கிறதா பார். இருந்தால் நாலு கணு விடு. மெலிந்து கிடந்தால் இரண்டோடு நறுக்கு, அது அடுத்த வெள்ளாமைக்கு.” இதில் அவசரம் கூடவே கூடாது. வரப்போகும் குலையின் கரு போன வெள்ளாமையிலேயே கணுவுக்குள் உருவாகிவிடுகிறது. அப்போது வெயில் படாத கொடியில் இப்போது எத்தனை கணு விட்டாலும் இலைதான் வரும்.

துளிர் வந்ததும் பனியும் வந்தது. கூடவே, இலையின் அடியில் பூஞ்சணம் படரும் அடிச்சாம்பல் நோய் பயமும். அதைத் தடுக்கும் போர்டோ கலவையை நானே கலக்கினேன். ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880-களில் பிறந்த மருந்து, இன்றும் எங்கள் கொடிகளைக் காக்கிறது.

என்னை உலுக்கியது காய் கழிப்பதுதான். காய்கள் பட்டாணி அளவுக்கு வந்ததும், நெருக்கமான குலைகளில் ஐந்தில் ஒரு பங்கை நறுக்கித் தள்ள வேண்டும். வேலைக்கு வந்த அக்காமார் குலையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் விரல் நுனியாலேயே நெருக்கத்தை உணர்ந்து நறுக்கினார்கள். தரையெல்லாம் பச்சைக் காய். மனசு கேட்கவில்லை. ஆனால் மிச்சக் காய்கள் உருண்டு திரண்டதைப் பார்த்தபின் அந்தக் கைகளின் மீது பெரும் மரியாதை வந்தது.

கவாத்திலிருந்து ஏறக்குறைய 120 நாளில் அறுப்பு. ஏப்ரலில் ஒரு கோடை மழை இறங்கினால் போதும், மெல்லிய தோல் வெடித்துவிடும். வானத்தைப் பார்த்துப் பார்த்தே அந்த வாரம் கழிந்தது. நல்லவேளை, மழை பொறுத்தது. பார்வையான குலைகளைக் கேரளச் சந்தைக்கு வியாபாரி எடுத்துக்கொண்டார். சின்னக் குலைகளும் உருவம் கோணியவையும் ஒயின் ஆலைக்குப் போயின. அங்கே அழகைப் பார்ப்பதில்லை. ஒரு பழத்தைப் பிழிந்து கருவியின் கண்ணாடியில் சொட்டுவிட்டு இனிப்பை அளந்தார்கள். அழுகல் இருக்கிறதா என்று பெட்டியின் அடிவரை கிளறினார்கள். விலை குறைவுதான். ஆனாலும் இனிப்புக்குக் காசு கொடுக்கும் இடம் ஒன்று இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு பெரிய ஆறுதல்.

இப்போது தொழுவுரம் வைத்துக் கொடிகளுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறோம். அடுத்த கவாத்து ஜூனில். இந்த முறை கணுக்களை நானே எண்ணி விடலாம் என்று அப்பத்தா சொல்லிவிட்டார்.