ஏழு பேர், ஒரு வீட்டு வரி ரசீது

சேலத்தில் பதினோரு வருடமாக வில்லங்கம் பார்க்கிறேன். மூலப்பத்திரத்தில் தொடங்கி இன்றுவரை சொத்து யார் யார் கைக்கு மாறியது என்று அடுக்கிக் கொடுப்பது என் வேலை. அதை வைத்து, சொத்தின் உரிமை சரியா என்று எழுதும் லீகல் ஒப்பீனியனில் கையெழுத்து வக்கீலுடையது. பத்திரம் எழுதுகிறவருக்கு 1982ஆம் வருட விதிகளின்படி உரிமம் உண்டு. தேடித் தருகிற எங்களுக்கு ஒன்றும் கிடையாது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்காக, நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்துக்கு முந்தைய சர்வே எண்ணையும் பிந்தைய எண்ணையும் பொருத்த மூன்று நாள் அலைந்தேன். பேசிய காசில் பாதிதான் வந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

சரி, சங்கம் வைக்கலாம் என்றோம். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாததால் தொழிற்சங்கம் சரிப்படவில்லை. 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் போதும். பத்திரம் பதிகிற துறைதான் சங்கத்தையும் பதிகிறது, ஆகவே அலுவலகம் எங்களுக்குப் பழக்கம். 'நில ஆவண ஆய்வாளர்' என்று பெயர் யோசித்தோம். வருவாய் ஆய்வாளர் மாதிரி அரசாங்க ஆள் என்று தோன்றும், வேண்டாம் என்று விட்டோம்.

சிக்கல் முகவரியில் வந்தது. ஜெராக்ஸ் கடை மாடியைக் காட்டி, கடைக்கார அண்ணனிடம் சம்மதக் கடிதமும் வீட்டு வரி ரசீதும் வாங்கிக் கொடுத்திருந்தோம்.

"ரசீதில் இருக்கிறது யார் பேரு?" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"எங்கப்பா. தவறி ஒம்பது வருஷமாச்சுங்க" என்றார் கடைக்கார அண்ணன்.

வாரிசுச் சான்று வாங்கவில்லை. ஓமலூரில் ஒரு தங்கை, ஆத்தூரில் ஒரு தங்கை. பாகப்பிரிவினையும் ஆகவில்லை. ஏழு பேரும் இதே தொழில், ஒருத்தர்கூட அந்த ரசீதைப் படித்துப் பார்க்கவில்லை! ஒரு பார்ட்டி இப்படிக் கொண்டுவந்திருந்தால் அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்போம்.

கடைசியில் என் வீட்டு முகவரியைக் கொடுத்தோம். வீடு மனைவி பெயரில். அவள் சம்மதக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "வாடகை உண்டா?" என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

பதிவெண் வந்துவிட்டது. அது உரிமம் அல்ல. சேர வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறோம். ஆனால் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் யாரும் வேலையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். இதுவரை மூன்று வக்கீல்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்கார அண்ணன் இப்போது வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அந்தக் கட்டடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தது நான்தான். காசு வாங்கவில்லை.