அம்மாவுக்கு அசிஸ்டட் லிவிங் பார்த்தோம், எதை வெச்சு முடிவு பண்ணோம்னு சொல்றேன்

சொந்தக்காரங்க, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதிடறேன். அம்மாவுக்கு 76 வயசு, பார்கின்சன்ஸ்ங்கிற நரம்பு வியாதி இருக்கு. அப்பா போனதுக்கப்புறம் திருச்சி உறையூர் வீட்ல தனியாதான் இருந்தாங்க, நான் சென்னை, அண்ணன் துபாய். பாத்ரூம்ல விழுந்து மணிக்கட்டு உடைஞ்சதுக்கப்புறம் இனிமே தனியா முடியாதுன்னு அம்மாவே சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டேன், நாங்க ரெண்டு பேரும் காலைல போனா ராத்திரிதான் வருவோம், அம்மாவோ பகல் பூரா ஒரு ஹோம் நர்ஸ் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது, நாலு மனுஷங்க நடமாடுற இடமா பாருன்னுட்டாங்க. தபால் ஆபீஸ் கவுன்ட்டர்ல வேலை பாத்து ரிடயர் ஆனவங்க, ஆள் அரவம் இல்லாம அவங்களால இருக்க முடியாது.

சித்தி மட்டும் பெத்த தாயை ஹோம்ல தள்ளுறியாடின்னு ஃபோன்ல ஒரு பாட்டம் அழுதாங்க. அம்மா ஃபோனை வாங்கி "நான்தான்டி போறேன், என்னை யாரும் தள்ளல"ன்னு சொன்னாங்க. அத்தோட அந்தப் பேச்சு நின்னுச்சு.

கோயம்புத்தூர்ல பாக்கலாம்னு முடிவு பண்ணோம். வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கமெல்லாம் இந்த மாதிரி ரிடயர்மென்ட் கம்யூனிட்டி நிறைய இருக்கு, ரொம்ப வருஷமா இதுக்குன்னே பேர் வாங்கின ஊரு. ஆனா அங்க போனப்பதான் ஒண்ணு புரிஞ்சுது, பெரும்பாலான இடம் 60, 65 வயசுல நல்லா நடமாடுறவங்க வில்லா வாங்கி வாழ்றதுக்குக் கட்டினது. வாக்கிங் டிராக், கோயில், கிளப் ஹவுஸ், எல்லாம் அழகா இருக்கும். குளிப்பாட்டிவிட, எழுப்பிவிட, மாத்திரை கொடுக்க ஆள் வேணும்னா அதுக்குத் தனி பிளாக், இல்லேன்னா ஒரு ஃப்ளோர், அதைத்தான் அசிஸ்டட் லிவிங்னு சொல்றாங்க. சைட் விசிட்ல முதல்ல வில்லாவைத்தான் காட்டுவாங்க. அந்த ஃப்ளோரை காட்டுங்கன்னு நாமதான் கேக்கணும், தயங்கினாங்கன்னா அதையும் மனசுல குறிச்சு வெச்சுக்கணும்.

எனக்கு முதல்ல கண்ணைத் திறந்துவிட்டது மாத்திரை விஷயம்தான். அம்மா பார்கின்சன்ஸுக்கு லீவோடோபான்னு ஒரு மாத்திரை எடுக்கிறாங்க, காலைல 7, பகல் 11, சாயங்காலம் 3, ராத்திரி 7. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி கொடுத்தாதான் நல்லா வேலை செய்யும், பருப்பு, பால், முட்டைன்னு புரோட்டீன் கூடவே போனா மருந்து உடம்புல சரியா ஏறாது. அரை மணி லேட்டானாலும் உடம்பு விறைச்சுக்கும், கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடும், நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாது. இதை ஒரு இடத்துல சொன்னப்போ, ரொம்பப் பெரிய இடம், பேர் வேண்டாம், அங்க இருந்த மேனேஜர் "எங்க மெடிசின் ரவுண்ட்ஸ் 8, 2, 8 மேடம், எல்லாருக்கும் அந்த டைம்தான்"னார். டாக்டர் சீட்டைக் காட்டினேன், அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க மேடம், போகப்போக பழகிடும்னார். மருந்து நேரத்தை எப்படிங்க பழகிக்க முடியும்? அந்த இடத்து லாபி அவ்வளவு அழகு, அண்ணன் வீடியோ கால்ல பாத்துட்டு இதையே எடுத்துடலாம்னான். நான் முடியாதுன்னுட்டேன்.

கடைசில நாங்க எடுத்த இடத்துல ட்யூட்டி நர்ஸ்கிட்ட பேசணும்னு கேட்டேன், பேச விட்டாங்க. சின்னப் பொண்ணு, நாகர்கோவில் பக்கம். நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே "பார்கின்சன்ஸா, அப்ப டைமிங் முக்கியம், வாந்தி வந்தா மெட்டோகுளோப்ரமைடு ஊசி போடக்கூடாதுன்னு ஃபைல்ல சிவப்பு மையில எழுதிடறேன்க்கா"ன்னுச்சு. அந்த மருந்து பார்கின்சன்ஸை இன்னும் மோசமாக்கும்னு எங்க நியூராலஜிஸ்ட் எங்ககிட்ட சொல்லியிருந்தாரு, அதையே இந்தப் பொண்ணு வாயால கேட்டப்போ எனக்கு பாதி பயம் போயிடுச்சு. உங்க வீட்ல இருக்கிறவங்களுக்கு வேற வியாதியா இருக்கலாம், சர்க்கரைன்னா இன்சுலின் நேரம், மறதின்னா வேற விஷயம். அந்த வியாதிக்கு உயிர்நாடியான ஒரு கேள்வியை எடுத்துட்டுப் போய் மேனேஜர்கிட்ட கேக்காம, ராத்திரி ட்யூட்டி பாக்குற ஆள்கிட்ட கேளுங்க.

அடுத்தது யார் யார்கிட்ட பேசுறாங்கங்கிறது. அம்மாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே "பாட்டி காரம் சாப்பிடுவாங்களா, பாட்டிக்கு டயப்பர் தேவைப்படுமா"ன்னு என்னைப் பாத்து கேட்ட இடங்கள்தான் ஜாஸ்தி. அம்மாவுக்குக் குரல் சன்னமாயிடுச்சு, முகத்துல பாவம் அவ்வளவா தெரியாது, அது இந்த வியாதியோட குணம், ஆனா புத்தி கத்தி மாதிரி இருக்கு. பதில் சொல்ல அஞ்சாறு செகண்ட் ஆகும், அதுக்குப் பொறுக்கணும். ஒரு இடத்துல கேர்டேக்கரா இருந்த ஒரு அக்கா வீல்சேர் முன்னாடி குனிஞ்சு உக்காந்து "ஏனுங்கம்மா, காலைல காபியா டீயா, எத்தனை மணிக்கு வேணும்"னு கேட்டுட்டு அம்மா சொல்ற வரைக்கும் காத்திருந்தாங்க. அஞ்சே முக்காலுக்கு காபி, சக்கரை கம்மியான்னு அம்மா சொன்னாங்க, அந்த அக்கா அதை ஒரு நோட்டுல எழுதினாங்க. வெளிய வந்ததும் அம்மா "இங்க பாக்கலாம்"னாங்க. மத்த இடத்துலயெல்லாம் அவங்க வாயே திறக்கல.

அட்மிஷனுக்கு முன்னாடி ஒரு அசெஸ்மென்ட் பண்ணுவாங்க. ஆறு விஷயம் பாப்பாங்க, குளிக்கிறது, டிரஸ் போடுறது, டாய்லெட் போறது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுறது, மலஜலத்தை அடக்க முடியுதா, தானா சாப்பிட முடியுதா. இது 1963ல சிட்னி காட்ஸ்ங்கிற அமெரிக்க டாக்டரும் அவரோட டீமும் வெளியிட்ட அளவுகோல், உலகம் பூரா இன்னைக்கும் பரவலா இதைப் பயன்படுத்துறாங்க. இந்த மார்க்கை வெச்சுத்தான் மாசக் கட்டணத்தையும் போடுறாங்க. நல்ல அளவுகோல்தான், குறை சொல்லல, எவ்வளவு உதவி தேவைன்னு இதுல தெரிஞ்சிடும். ஆனா அவங்க வாழ்க்கை நல்லாருக்கான்னு இதுல தெரியாது. தேடிப் பாத்தப்போ உலக சுகாதார நிறுவனத்துக்கு வயசானவங்களோட வாழ்க்கைத் தரத்தை அளக்க தனியா ஒரு கேள்வித்தாளே இருக்குன்னு தெரிஞ்சுது, 24 கேள்வி, ஆறு தலைப்பு. கண்ணு காது எப்படி இருக்கு, சொந்தமா முடிவெடுக்க முடியுதா, செஞ்சதுலயும் செய்யப்போறதுலயும் திருப்தி இருக்கா, நாலு பேரோட சேர முடியுதா, நெருக்கமா யாராவது இருக்காங்களா, சாவைப் பத்தி என்ன பயம். நான் இதை அம்மாகிட்ட மார்க் போடுறதுக்காகக் கேக்கல, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொரு தலைப்பா பேசினோம். அவங்க சொன்னதுல முக்கால்வாசி ரெண்டாவது தலைப்புலதான் வந்து நின்னுச்சு. எப்ப எழுந்திருக்கணும், யார் என்னைக் குளிப்பாட்டணும், ஆம்பள அட்டெண்டர் வேண்டவே வேண்டாம், ரூம் கதவை நான் சாத்திக்கலாமா, என் பென்ஷன் பாஸ்புக் என்கிட்டயே இருக்குமா, வேண்டாம்னா சாப்பிடாம இருக்கலாமா. இதெல்லாம்தான் அவங்களுக்கு வாழ்க்கைத் தரம். மலை வியூவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

அதுக்கப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் நான் பாத்தது இந்த சுதந்திரம் இருக்கான்னுதான். அதுக்கு நாம போற நேரமும் முக்கியம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுப்பாங்க, அப்ப டைனிங் ஹால் கலகலன்னு இருக்கும், பாயசம்கூட இருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போங்க. ஆபீஸ் ஸ்டாஃப் லீவு, பாதி ஆள் இல்லாத நேரம், அப்பதான் எத்தனை பேர் டிவி முன்னாடி வரிசையா வீல்சேர்ல விட்டது விட்டபடி உக்காந்திருக்காங்கன்னு தெரியும், காலிங் பெல் அடிச்சா எவ்வளவு நேரத்துல ஆள் வருதுன்னும் தெரியும். ஒரு இடத்துல பெல் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, வராண்டாவுல நாங்க நின்னு பேசிட்டிருந்த நேரம் பூரா யாரும் போகல, எங்களைக் கூட்டிட்டுப் போனவர் அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கல. ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆள்னு கேட்டா "24 ஹவர்ஸ் கேர் இருக்கு"ன்னு பதில் வரும். அது பதில் இல்ல. அம்மாவுக்கு ராத்திரி படுக்கையில புரண்டு படுக்கவே உதவி வேணும், அதனால நம்பரை வாங்காம நான் விடல.

தரையைப் பாருங்க. பளபளன்னு இருக்கிற டைல்ஸ் போட்டோவுக்கு நல்லாருக்கும், ஈரமானா வழுக்கும். பாத்ரூம் கதவு வாக்கரோட நுழையிற அகலம் இருக்கா, பிடிமானக் கம்பி கமோடுக்குப் பக்கத்துல கைக்கு எட்டுற உயரத்துல இருக்கா, இல்ல கடமைக்கு எங்கயோ அடிச்சிருக்காங்களான்னு அம்மாவையே உக்கார வெச்சுப் பாத்தோம். பார்கின்சன்ஸ்காரங்க பல பேருக்கு வாசப்படி தாண்டும்போது கால் உறைஞ்சு நின்னுடும், தரையில குறுக்கால கலர் டேப் ஒட்டினா நிறைய பேரால அதைப் பாத்துத் தாண்டி நடக்க முடியும். ஒட்டலாமான்னு கேட்டதுக்கு ஒரு இடத்துல லுக் கெட்டுடும்னாங்க, நாங்க எடுத்த இடத்துல டேப்பும் அவங்களே வாங்கி ஒட்டினாங்க.

அக்ரிமென்ட்டை அம்மாவே வரிக்கு வரி படிச்சாங்க, சர்வீஸ்ல இருந்தப்போ ஃபாரம் படிச்சுப் பழகின கண்ணு. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019ல ரிடயர்மென்ட் ஹோம்களுக்கு ஒரு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு, நெட்ல கிடைக்கும், அதை பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிச்சா என்னென்ன கேக்கலாம்னு தெரியும். மாதிரிங்கிறதால யாரையும் அது கட்டுப்படுத்தாது, மாநில அரசு எடுத்து சட்டமாக்கினாதான். ரெராவுல, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல, பதிவு இருக்குன்னு சொல்லுவாங்க, அது கட்டடம் சம்பந்தப்பட்டது, ராத்திரி யார் எழுப்பிவிடுவாங்கங்கிறதுக்கு அது ஜவாப்தாரி இல்ல. நாங்க கேட்டு எழுதி வாங்கினது, டெபாசிட் எத்தனை நாள்ல திரும்ப வரும், மாசக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், அது மேல போடுற 18% ஜிஎஸ்டி சேத்து சொன்னதா சேக்காமலா, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆயிருக்கிற நாளுக்கும் பணம் கட்டணுமா. எல்லாத்தையும் விட பெருசு, உடம்பு இன்னும் மோசமானா என்ன பண்ணுவீங்கங்கிற கேள்வி. வாயால கேட்டா எல்லாரும் கடைசி வரைக்கும் நாங்க இருக்கோம்மான்னுதான் சொல்றாங்க. ஒரு இடத்து அக்ரிமென்ட்ல படுத்த படுக்கையாயிட்டா 30 நாள் நோட்டீஸ்ல குடும்பம் கூட்டிட்டுப் போகணும்னு பதினாலாவது பக்கத்துல இருந்துச்சு. பார்கின்சன்ஸ் நாளாக நாளாக கூடத்தான் செய்யும், குறையாது, அது எங்களுக்குத் தெரியும். அந்த நிலைமையில வெளிய அனுப்புற இடத்துக்கு இப்ப எதுக்குப் போகணும்?

சாவைப் பத்தியும் கேட்டேன். கேக்க நாக்கு வரல, அம்மாதான் "நீ கேக்கலேன்னா நான் கேக்குறேன்"னாங்க. இங்க யாராவது தவறிட்டா என்ன பண்ணுவீங்கன்னு. சில இடத்துல பேச்சை மாத்தினாங்க, ஒரு இடத்துல மத்த ரெசிடென்ட்ஸ் அப்செட் ஆகக்கூடாதுன்னு பின்பக்க கேட் வழியா ஆம்புலன்ஸ்ல அனுப்பிடுவோம்னாங்க. நாங்க எடுத்த இடத்துல, பிள்ளைங்க வர்ற வரைக்கும் ஹால்ல ஃப்ரீசர் பாக்ஸ்ல வெப்போம், கூட இருந்தவங்க வந்து பூ போட்டு கும்பிட்டுட்டுப் போவாங்க, முன்வாசல் வழியாத்தான் போகும்னு சொன்னாங்க. அம்மா தலையாட்டினாங்க. கூட உக்காந்து சாப்பிட்டவங்களை வழியனுப்பக்கூட விடாத இடத்துல உயிரோட இருக்கிறவங்களுக்கு என்ன மரியாதை இருக்கும்னு எனக்கு இன்னைக்கும் தோணுது.

ட்ரையல் ஸ்டே கேட்டு வாங்குங்க, நாங்க ஒரு மாசம் இருக்க வெச்சுப் பாத்தோம். முதல் வாரம் அம்மா சரியா சாப்பிடல, ரசத்துல பெருங்காயம் ஜாஸ்தி, புழுங்கலரிசி இல்லேன்னு. சொல்லி மாத்திக்கிட்டாங்க. பக்கத்து ரூம்ல பொள்ளாச்சிக்காரம்மா ஒருத்தங்க, காது கேக்காது, அம்மாவுக்கோ குரல் எழும்பாது, ரெண்டு பேரும் சாயங்காலம் பூரா தாயக்கட்டை உருட்டுறாங்க. மாத்திரை சரியான நேரத்துக்குப் போறதால நடை கொஞ்சம் தெளிஞ்சிருக்கு, அதுக்கு மேல எதுவும் எதிர்பாக்கல.

எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ல மாட்டேன். பிசியோதெரபி வாரத்துக்கு ரெண்டு நாள்தான், நியூராலஜிஸ்ட் பாக்க அவினாசி ரோடு வரைக்கும் போகணும், டிராஃபிக்ல அம்மா ரொம்பக் களைச்சுப் போறாங்க. கேர்டேக்கர்ஸ் அடிக்கடி மாறுறாங்க, காபி நேரத்தை நோட்டுல எழுதின அந்த அக்காவே போயிட்டாங்க, சம்பளம் பத்தலையாம். இவ்வளவு வாங்குற இடம் அவங்களுக்குக் கூடக் கொடுக்கலாம், கையைப் பிடிச்சு நடத்துறவங்க நிலைச்சு நின்னாதான் அம்மாவுக்கும் நல்லது. ரெசிடென்ட்ஸ் மீட்டிங்ல இதைக் கேக்கணும்னு அம்மாவும் பொள்ளாச்சிக்காரம்மாவும் சேந்து லெட்டர் எழுதியிருக்காங்க, மத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டிருக்காங்க.