பேட்ச் போட்ட காக்கா

ஜூலை 4, 2024, வியாழன்

அக்கா பையனுக்கு நாலு வயசு. இடது கண்ணு சோம்பல் கண்ணுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, ரெண்டு கண்ணுக்கும் பவர் ரொம்ப வித்தியாசம், அதனால மூளை இடது கண்ணு அனுப்பற படத்தை எடுத்துக்காம வலது கண்ணையே நம்பிட்டு இருக்கு, கண்ணாடி போட்டு நல்லா இருக்கற வலது கண்ணை தினமும் ரெண்டு மணி நேரம் மூடி வெச்சாதான் இடது கண்ணு வேலை செய்யப் பழகும், ஏழு வயசுக்குள்ள செஞ்சா பலன் அதிகம். ஆனா பேட்ச் ஒட்டற நேரம் வந்தாலே அழுகை, மேல் மாடில இருக்கற எங்களுக்கே கேக்குது. இன்னிக்கு என் மடில உக்காந்து "எனக்கு மட்டும் ஏன் சித்தி"ன்னு கேட்டான். பதில் சொல்ல வாயே வரல.

அவனுக்கு ஒரு கூட்டாளி தச்சுத் தரப்போறேன். அவனை மாதிரியே நீலக் கண்ணாடி, அவனை மாதிரியே வலது கண்ணுல பேட்ச். என்ன பொம்மை வேணும்னு கேட்டதுக்கு காக்காவாம்! அம்மா ஜன்னல்ல வெக்கற சாதத்துக்கு தினமும் வருதே, அதேதானாம்.

ஜூலை 6, சனி

மங்கள்தாஸ் மார்க்கெட் நாளைக்கு லீவு, அதனால இன்னிக்கே செம்பூர்ல ஹார்பர் லைன் ட்ரெயின் ஏறி சிஎஸ்எம்டி ஸ்டேஷன்ல இறங்கி கிராஃபோர்ட் மார்க்கெட் தாண்டி நடந்து போயிட்டு வந்தேன். கடைக்காரர் நீள முடி வெச்ச ஃபர் துணியத்தான் முதல்ல எடுத்துப் போட்டார், பாக்க அழகாதான் இருக்கு, ஆனா வீட்டுல தவழற தங்கச்சிப் பாப்பா வேற இருக்கா, எதைப் பாத்தாலும் வாயில வெக்கற வயசு, முடி கொட்டற துணி வேண்டவே வேண்டாம். மெத்துன்னு இருக்கற கறுப்பு ஃப்ளீஸ் துணி ஒரு மீட்டர், சாம்பல் ஃப்ளீஸ் அரை மீட்டர். மும்பை காக்காவுக்கு கழுத்து சாம்பல் நிறம், அது இல்லாம முழுக் கறுப்பா தச்சா அண்டங்காக்கா ஆயிடும், அவன் கண்டுபிடிச்சிடுவான். ஃப்ளீஸ்ல இன்னொரு வசதி, வெட்டின ஓரம் நூல் பிரியாது.

உள்ள அடைக்க ரெக்ரான்ங்கற பாலியெஸ்டர் பஞ்சுதான். தலகாணிக்கு நம்ம ஊர் இலவம்பஞ்சு மாதிரி வராது, ஆனா பொம்மைய அடிக்கடி தண்ணில போட்டு அலசணுமே, இலவம்பஞ்சு கட்டி கட்டியாயிடும்.

ஜூலை 8, திங்கள்

ராத்திரி முழுக்க கொட்டின மழைல ட்ரெயினெல்லாம் நின்னுபோச்சு, ஆபீஸ் லீவு, நாள் முழுக்க மெஷின் முன்னாடி. கறுப்புத் துணில கறுப்பு நூல் ஓட்டறது கண்ணைப் பிடுங்கற வேலை, மழை இருட்டு வேற, ஜன்னல் பக்கத்துல மெஷினை இழுத்துப் போட்டுதான் தச்சேன். வெள்ளை சோப்புத் துண்டால கோடு போட்டா நல்லாத் தெரியுது, துவைச்சா போயிடும். கழுத்து, அலகு மாதிரி வளையற இடத்துல எல்லாம் தையலைத் தொடாம சின்னச் சின்னதா வெட்டு குடுத்துட்டு திருப்பணும், இல்லன்னா சுருங்கிக்கும்.

அம்மா காய் நறுக்கிட்டே காகாசுரன் கதைய ஆரம்பிச்சாங்க. சீதைய கொத்தின காக்கா மேல ராமர் புல்லை அஸ்திரமா விட்டு, அதுக்கு ஒரு கண்ணு போனது. அம்மா, தயவுசெஞ்சு இந்தக் கதைய அவன்கிட்ட இப்ப சொல்லாதீங்கன்னுட்டேன். ஏதோ தப்பு பண்ணதாலதான் தன் கண்ணை மூடறாங்கன்னு ஒரு குழந்தை மனசுல விழுந்துட்டா அதை யார் எடுக்கறது? அம்மாவும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவங்களே, சரி, காக்கா தலைய ஒரு பக்கமா சாச்சு ஒரு கண்ணால சோத்தைப் பாக்குமே, அதைக் காட்டறேன்னாங்க. அது போதும்.

ஜூலை 11, வியாழன்

கண்ணு வெச்சாச்சு. பட்டன் கிடையாது, பிளாஸ்டிக் கண்ணு கிடையாது, ரெண்டும் நூல்ல எம்ப்ராய்டரி. மூணு வயசுக்கு உள்பட்ட குழந்தைங்க பொம்மைல 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள்ள அடங்கற மாதிரி எந்தப் பாகமும் கழண்டு வரக்கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு, பாப்பா இருக்கற வீட்டுல அதை நான் கறாரா வெச்சுக்கிட்டேன். பேட்ச்சே 6 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம்.

இந்த பேட்ச்சுக்குதான் ரொம்ப யோசிச்சேன். தச்சு வெச்சுட்டா காக்காவுக்கு கண்ணே இல்லாத மாதிரி ஆயிடும், அது கழட்டி மாட்டறதா இருக்கணும், கழட்டினா அடில முழுக் கண்ணு முழிச்சுப் பாக்கணும். அதனால கண்ணுக்கு மேலயும் கீழயும் வெல்க்ரோவோட மெத்துன்னு இருக்கற பக்கம், பேட்ச்ல சொரசொரப்பு பக்கம். காக்காவோட வலது கண்ணுங்கறது நம்ம எதிர்ல வெச்சுப் பாக்கறப்ப நம்ம இடது பக்கம், இதை சாக்பீஸ்ல குறிச்சுட்டுதான் ஊசியத் தொட்டேன். கண்ணாடி நீல ஃபெல்ட்ல ரெண்டு அடுக்கு, கம்பி இல்லாம, பின்னாடி எலாஸ்டிக். பேட்ச் அதுக்கு அடில வரணும், அவனுக்கும் தோல் மேலதான் ஒட்டறாங்க, கண்ணாடி மேல ஒட்டினா சைடுல எட்டிப் பாத்துடுவாங்க பசங்க.

வயித்துல விட்ட ஓட்டை வழியா பஞ்சை கொஞ்சம் கொஞ்சமா பிச்சு அலகு நுனிலேர்ந்து பென்சிலால தள்ளி அடைச்சு, கடைசில தையல் வெளில தெரியாம கையால மூடிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

குடுத்தாச்சு! வாங்கினதும் முதல்ல கழுத்தைத் தடவிப் பாத்தான், சாம்பல் சரியா இருக்கான்னு. அப்புறம் கண்ணாடிய தூக்கி பேட்ச்சைப் பிரிச்சான், ஒட்டினான், பிரிச்சான், அந்த பர்ர்னு வர்ற சத்தத்துக்கே சிரிப்பு. பேரு காக்குவாம்.

சாயங்காலம் அக்கா பேட்ச் எடுத்துட்டு வந்தப்ப முதல்ல காக்குவுக்குன்னான், அவனே ஒட்டிவிட்டான், அப்புறம் மூஞ்சிய நீட்டினான். அழுதான், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா கொஞ்ச நேரம்தான்.

ஜூலை 21, ஞாயிறு

அழுகை சில நாள் இருக்கு, சில நாள் இல்ல. ரெண்டு மணி நேரம் பேட்ச் மட்டும் மூஞ்சிலேயே இருக்கு, அக்காவுக்கு அதுவே பெரிய நிம்மதி. காக்குவும் அவனும் ஒரு கண்ணால மணி கோக்கறாங்க, கலர் அடிக்கறாங்க, கிட்டத்துப் பார்வை வேலை குடுத்தா நல்லதாம்.

கிளினிக்ல காக்குவப் பாத்துட்டு ஒரு அம்மா தன் பொண்ணுக்கும் வேணும்னு கேட்டிருக்காங்க. அவளுக்கு பூனை வேணுமாம், மூடறது இடது கண்ணு. பேப்பர் பேட்டர்ன் போட ஆரம்பிச்சுட்டேன், காது ரெண்டையும் தலைத் தையலுக்குள்ளயே சேத்துப் பிடிச்சுடணும், அப்பதான் இழுத்தாலும் வராது. கண்ணாடி என்ன கலர்னு மட்டும் இன்னும் கேக்கணும்.