அரை டாலர் பெட்டியும் வங்கி முகப்பும்: ஒரு நாட்குறிப்பு

செப்டம்பர் 8, 2025, திங்கள்

அரை டாலர் நாணயங்கள் ஒரு பெட்டி வேண்டும் என்று, எனக்குக் கணக்கு இருக்கும் கிளையில் இன்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பெட்டியில் 50 ரோல்கள், அதாவது காகிதத்தில் சுற்றிய நாணயக் கட்டுகள், இருக்கும். ஒவ்வொரு ரோலிலும் 20 நாணயங்கள். ஆக 1000 நாணயங்கள், 500 டாலர். கணக்கிலிருந்து அந்தத் தொகையை எடுத்து, அதே மதிப்புக்கு நாணயமாக வாங்கி, வெள்ளி கலந்த பழைய நாணயங்களைப் போல வேண்டியவற்றைப் பொறுக்கிக்கொண்டு மீதியை மறுபடியும் வங்கியில் செலுத்துவதுதான் இந்தப் பொழுதுபோக்கு. முகமதிப்பில் வாங்கி முகமதிப்பில் திருப்புவதால் கைப்பணம் குறைவதில்லை. செலவாவது பெட்ரோலும் நேரமும் மட்டுமே.

நான் அரை டாலரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1964 வரை வெளிவந்த டைம் எனப்படும் பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் மூன்றிலும் 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1965 ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் முதல் இரண்டிலிருந்தும் வெள்ளியை முற்றாக நீக்கியது; அரை டாலரில் மட்டும் அதை 40 விழுக்காடாகக் குறைத்தது, அது 1970 வரை நீடித்தது. 1964 க்குப் பிந்தையது எதிலும் வெள்ளி இல்லை என்று பொதுவாக நினைத்துக்கொண்டிருப்பவர்களின் கையைத் தாண்டி இந்த 40 விழுக்காட்டு நாணயங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. கடைக் கல்லாக்களில் அரை டாலருக்கென்று ஒரு குழிகூட இல்லாததால், அவை புழக்கத்தில் தேயாமல் வங்கிக்கும் கிடங்குக்கும் இடையிலேயே அலைகின்றன.

தலைமைக் காசாளர் அம்மையார் பொறுமையானவர். வாரத்தில் ஒரு நாள்தான் அவர்கள் நாணயத்துக்கு விண்ணப்பம் அனுப்புகிறார்கள் என்றும், பணவண்டி வருவது அடுத்த வாரம் என்றும் விளக்கினார். கட்டணம் உண்டா என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். இதைக் கேட்காமல் விட்டவர்கள் பின்னர் கணக்கறிக்கையைப் பார்த்துத் திகைத்த கதைகள் நிறைய உண்டு. தனிநபர் கணக்குக்கு அந்தக் கிளையில் கட்டணம் இல்லை.

செப்டம்பர் 18, 2025, வியாழன்

பெட்டி வந்தது. சற்றேறக்குறைய 11 கிலோ எடையுள்ள அட்டைப்பெட்டியை அம்மையார் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்தபோது, இந்த ஆசைக்காக யாருடைய முதுகு வலிக்கிறது என்பது நன்றாகவே புரிந்தது. அவரைத் தூக்கவிடாமல் நானே எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு நாணயத்தின் ஆண்டையும் படித்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். ரோலைப் பிரித்து நாணயங்களை வரிசையாக நிறுத்தி, விளிம்பை மட்டும் பார்ப்பதுதான் முறை. 1971 முதல் வந்தவை உள்ளே செம்பும் மேலும் கீழும் செம்பு-நிக்கல் கலவையுமாக அடுக்கப்பட்டவை. ஆகவே விளிம்பில் செம்புக் கோடு பளிச்சென்று ஓடும். 90 விழுக்காட்டு வெள்ளியில் கோடே இராது, விளிம்பு முழுவதும் வெண்மையாக இருக்கும். கண்ணை ஏமாற்றுவது 40 விழுக்காட்டு வகைதான். அதன் மேலடுக்கு 80 விழுக்காடும் உட்பகுதி ஏறத்தாழ 21 விழுக்காடும் வெள்ளி என்பதால், விளிம்பு சாம்பல் பூத்து மங்கலாக இருக்கும், சிலவற்றில் வெளிறிய செந்நிறமும் தெரியும். ஐயம் வந்தால் தராசில் இடலாம்: வெள்ளி இல்லாதது 11.34 கிராம், 40 விழுக்காட்டு வகை 11.5 கிராம், 90 விழுக்காட்டு வகை 12.5 கிராம். முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகச் சிறியது. தேய்மானமே அதை விழுங்கிவிடும் என்பதால் நான் தராசைவிட விளிம்பையே நம்புகிறேன்.

கிடைத்தவை மூன்று, மூன்றும் 40 விழுக்காடு, இரண்டில் 1967, ஒன்றில் 1968. அவற்றோடு 2005 ஆம் ஆண்டு நாணயம் ஒன்றையும் எடுத்து வைத்தேன். 2002 முதல் 2020 வரை அரை டாலர்கள் பொதுப்புழக்கத்துக்கு வெளியிடப்படவில்லை. நாணயம் அடிக்கும் அரசு அக்கசாலை அவற்றைச் சேகரிப்பாளர்களுக்கு முகமதிப்பைவிடக் கூடுதல் விலையில் விற்றது. அப்படி விலை கொடுத்து வாங்கியதை யாரோ அரை டாலராகவே வங்கியில் கட்டியிருக்கிறார். உலோக மதிப்பு இல்லாவிட்டாலும் எனக்கு இதில் வெள்ளியைவிட மகிழ்ச்சி.

செப்டம்பர் 19, 2025, வெள்ளி

இன்று மீதியைத் திருப்பும் வேலை. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் வாங்குவதைப் பற்றியே ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். திருப்புவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உண்மையில் ஒருவர் இந்தப் பொழுதுபோக்கில் நீடிப்பதும் துரத்தப்படுவதும் இந்தப் பாதியில்தான் முடிவாகிறது.

வாங்கிய கிளையிலேயே திருப்பிக் கட்டக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது தன்னலம்: நான் சலித்துக் கழித்த நாணயங்களே அடுத்த பெட்டியில் எனக்கு வந்து சேரும். இரண்டாவது, அரை டாலரைக் கேட்கும் வாடிக்கையாளர் வேறு எவரும் இல்லாத கிளையில் ஆயிரம் அரை டாலரை இறக்கினால், அவர்கள் அதை எண்ணி, பையிலிட்டு, பணவண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் கைவசம் வைத்திருக்கக்கூடிய ரொக்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு. என் விளையாட்டு அவர்களுடைய கணக்கில் சுமையாக ஏறுகிறது.

அதனால் திருப்புவதற்கென்றே, உறுப்பினர்களுக்கு நாணயம் எண்ணும் இயந்திரத்தைக் கட்டணமின்றி வைத்திருக்கும் ஒரு கூட்டுறவு நிதி நிறுவனத்தில் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன். அங்கே போவதிலும் ஒரு ஆதாயம் இருக்கிறது. இயந்திரம் நாணயத்தின் அளவோடு உலோகத்தின் மின்காந்தப் பண்பையும் சோதிப்பதால், வெள்ளி நாணயத்தைப் பெரும்பாலும் போலியென்று எண்ணிக் கழிவுத்தட்டில் துப்பிவிடும். எனக்கு முன் வந்தவர் எடுக்காமல் விட்டுப்போன டைம் ஒன்று இன்று தட்டில் கிடந்தது. அவரைத் தேடினேன், போய்விட்டார். பணியாளரிடம் காட்டியபோது வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். 1961.

செப்டம்பர் 26, 2025, வெள்ளி

கணக்கு இல்லாத ஒரு வங்கியில் நுழைந்து, பத்து டாலருக்கு அரை டாலர் ரோல் இருக்குமா என்று கேட்டேன். வாடிக்கையாளருக்கு மட்டும்தான் என்றார்கள். நன்றி சொல்லி வெளியே வந்தேன். சட்டப்பூர்வ நாணயத்தைத் தர மறுக்கிறார்களே என்று இதற்குக் கொதிப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு இல்லாதவருக்குச் சில்லறை மாற்றித் தருவது வங்கியின் கடமை அன்று, உபகாரம். வெள்ளிக்கிழமை மதியம் சம்பளக் காசோலையோடு வரிசை நிற்கும் நேரத்தில் அந்த உபகாரத்தைக் கேட்பது இன்னும் பொருந்தாது.

அக்டோபர் 3, 2025, வெள்ளி

கிடங்கிலிருந்து வரும் முத்திரையிட்ட பெட்டிகளைவிட, காசாளரின் இழுப்பறையில் கிடக்கும் கையால் சுற்றிய ரோல்களே எனக்கு மேலானவை. பெட்டியிலுள்ளவை இயந்திரத்தில் எண்ணப்பட்டவை. என்னைப் போன்ற எத்தனை பேர் ஏற்கெனவே சலித்தவை என்பதற்குக் கணக்கே இல்லை. கையால் சுற்றியதோ ஒரு வீட்டிலிருந்து நேராக வந்தது. காகிதம் பழுப்பேறி, மடிப்பு விறைத்து, ஓரத்தில் பேனாவால் எழுதிய எண் மங்கியிருந்தால் நான் எதையும் விசாரிக்காமல் வாங்கிவிடுவேன்.

இன்று காலை பத்தரை மணிக்கு, கிளை வெறிச்சோடியிருந்த வேளையில், அம்மையார் தாமாகவே ஐந்து ரோல் நிக்கலையும் (ஐந்து சென்ட் நாணயம்) ஒரு ரோல் அரை டாலரையும் எடுத்து வைத்தார். அரை டாலர் ரோலில் முதல் நாணயமே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முகம். பின்புறம் விடுதலை மணி. அந்த வகை 1948 முதல் 1963 வரை மட்டுமே வெளிவந்தது. அடுத்தடுத்து அதே முகம், இடையிடையே 1964 கென்னடி. இருபதும் 90 விழுக்காட்டு வெள்ளி. நிக்கல்களில் இரண்டு போர்க்கால நாணயங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் உலோகம் படைக்குத் தேவைப்பட்டதால், 1942 இன் பிற்பகுதியிலிருந்து 1945 வரை அந்த ஐந்து சென்ட் நாணயத்தை 56 விழுக்காடு செம்பு, 35 விழுக்காடு வெள்ளி, 9 விழுக்காடு மாங்கனீசு கலந்து அடித்தார்கள். பின்னாளில் பிரித்தறிய வசதியாக, எந்த அக்கசாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தான அக்கசாலைக் குறியைப் பெரிதாக்கி, பின்புறத்திலுள்ள மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பொறித்தார்கள். ஃபிலடெல்பியா அக்கசாலை ‘பி’ என்ற தன் எழுத்தை ஒரு நாணயத்தில் முதன்முதலாக இட்டதும் அப்போதுதான்.

வெற்றிதான். ஆனாலும் வீடு வந்த பிறகு மனம் முழுதாக ஒட்டவில்லை. இறந்துபோன ஒரு பெரியவரின் வீட்டை ஒழித்தவர்கள் கட்டிவிட்டுப் போன ரோல் என்று அம்மையார் சொன்னார். யாரோ எண்ணிச் சேர்த்த சேமிப்பு பத்து டாலருக்கு என் கைக்கு வந்திருக்கிறது. வங்கி முகமதிப்பில் வாங்கி முகமதிப்பில் விற்றது, நான் எதையும் மறைக்கவில்லை என்பது சரியான வாதம். காசாளரிடம் இதன் உலோக மதிப்பைச் சொல்லிவிட வேண்டும் என்றும் தோன்றியது. அடுத்த முறை சொல்லப் போகிறேன். அதன் பிறகு அவரே தம் பணத்தைப் போட்டு எடுத்துக்கொண்டால் அது அவருடைய உரிமை.

அக்டோபர் 10, 2025, வெள்ளி

வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டிவிட்டது. 1964 அரை டாலரில் 0.3617 அவுன்ஸ் தூய வெள்ளி உள்ளது. இந்த விலையில் அது 18 டாலருக்கும் மேல். 40 விழுக்காட்டு வகையில் 0.1479 அவுன்ஸ், ஏழரை டாலர் அளவுக்கு வரும். சொன்னபடி அம்மையாரிடம் இதைச் சொன்னேன். “இந்த வாரம் அரை டாலர் கேட்டு வந்தவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை” என்றார். விலை ஏறும்போது தேடுகிறவர்கள் பெருகுவார்கள், பெட்டிகள் வறளும். விலை விழுந்த பின்னும் வந்துகொண்டிருப்பவர்களுக்குத்தான் இது பொழுதுபோக்கு.

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

நேற்று கொலம்பஸ் தின வங்கி விடுமுறை; பெட்டி தள்ளிப்போனது. கைக்குக் கிடைத்த கால் டாலர் ரோல்களைப் பார்த்தேன். தேடியது ‘டபிள்யூ’ குறி. வெஸ்ட் பாயிண்ட் அக்கசாலை 2019 இலும் 2020 இலும் ஆண்டுக்கு ஐந்து வடிவங்கள், வடிவத்துக்கு 20 இலட்சம் என்று கால் டாலர்களை அடித்து, மக்கள் சில்லறையை உற்றுப் பார்க்கட்டும் என்றே புழக்கத்தில் கலந்துவிட்டது. ஒன்றும் அகப்படவில்லை.

அக்டோபர் 27, 2025, திங்கள்

திருப்பும் இடத்தில் மேலாளர் என்னை உட்காரவைத்து, இவ்வளவு ரொக்கம் எங்கிருந்து வருகிறது என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு வருத்தமில்லை, கேட்பது அவர் வேலை. ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினாலோ எடுத்தாலோ வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்; நாணயமும் ரொக்கம்தான். அந்த அறிக்கையால் எவருக்கும் தீங்கில்லை. அதைத் தவிர்ப்பதற்காகத் தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டுவதுதான் குற்றம், பணம் நேர்மையாக வந்திருந்தாலும் குற்றமே. பெரிய அளவில் தேடுகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். என் தொகை அந்த எல்லைக்கு வெகு கீழே. வாங்கிய சீட்டுகளைக் காட்டி, கைப்பேசியில் இருந்த ஃபிராங்க்ளின் படத்தையும் காட்டினேன். இயந்திரத்தின் பை நிறைந்தால் கிளையே அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லி, வரும் முன் தொலைபேசியில் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டார். நியாயமான கோரிக்கை, ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 13, 2025, வியாழன்

புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் நாணயங்கள் நேற்று ஃபிலடெல்பியாவில் அடிக்கப்பட்டன. 2024 நிதியாண்டில் ஒரு சென்டை உருவாக்க 3.69 சென்ட் செலவானது என்பதால் இது எதிர்பார்த்ததுதான். கிளையில் சென்ட் ரோல் கேட்டதற்கு, கடைக்காரர்களுக்கே பங்கிட்டுக் கொடுக்கிறோம் என்றார் அம்மையார். நான் வற்புறுத்தவில்லை. 1982 இன் இடையில் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறியதால், பழையது 3.11 கிராமும் புதியது 2.5 கிராமும் இருக்கும். அந்த எடையை வைத்துச் செம்பைப் பிரித்துக் குவிப்பவர்கள் இனி இன்னும் வேகமெடுப்பார்கள். உருக்குவதற்கு 2006 முதல் தடை இருக்கிறது, உற்பத்தி நின்றதால் மட்டும் அது நீங்கிவிடவில்லை.

அரை டாலருக்கும் இன்று ஒரு புது ஏற்பாடு வந்தது. கேட்பவர்கள் பெருகிவிட்டதால், ஒரு வாடிக்கையாளருக்கு மாதம் ஒரு பெட்டிதான் என்று கிளை முடிவு செய்திருக்கிறது. டிசம்பர் பெட்டிக்கு என் பெயரை எழுதிக்கொண்டார்கள். கையால் சுற்றிய ரோல் வந்தால் எடுத்து வைக்கட்டுமா என்று அம்மையார் கேட்டார். முதலில் நீங்கள் பிரித்துப் பாருங்கள் என்றேன்.