30 நாள் கணக்கு

டர்பனில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். யார் எத்தனை நாள் வரவில்லை, எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பு. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, வாரம் ஐந்து நாள் உழைப்பவருக்கு 36 மாதங்களுக்குச் சேர்த்து 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. முதல் ஆண்டிலேயே அதைத் தீர்த்துவிடுகிறவர்களைப் பற்றி எனக்குள் ஓர் அபிப்பிராயம் இருந்தது. எனக்கு லூபஸ் வந்தபோது என் 30 நாளும் 14 மாதத்தில் தீர்ந்தன.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய் இது. மூட்டு, தோல், சிறுநீரகம் என எங்கும் கை வைக்கும். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகும் வயதில் வருகிறது. எனக்கு விரல்களில் தொடங்கியது. காலை ஐந்து மணிக்கு அவை மடங்காது. வெந்நீரில் கைகளை அமிழ்த்தி வைத்திருப்பேன். மாத்திரை டப்பாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திருகுவேன். சட்டைப் பொத்தானை மகள் போட்டுவிடுவாள். பத்து மணிக்குமேல் அதே விரல்கள் கணினியில் வேகமாக ஓடும். அலுவலகம் பார்ப்பது பத்து மணிக் கையைத்தான். "முகம் தெளிவாகத்தானே இருக்கிறது, அக்கா?" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனாலும் அதற்கு விடை சொல்லியே களைத்துப்போவேன்.

ஒரு நாள் விடுப்புக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எட்டு வாரத்துக்குள் மூன்றாவது முறை வராவிட்டால், அது ஒரே நாளானாலும், கேட்கும்போது மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும். இல்லையேல் அந்த நாளுக்குச் சம்பளம் தராமல் விடலாம். காய்ச்சலுக்குப் பொருந்தும் விதி. லூபஸ் திங்கட்கிழமை படுக்கவைக்கும், செவ்வாய்க்கிழமை விட்டுவிடும், அடுத்த வியாழக்கிழமை திரும்பி வரும். நடக்க முடியாத நாளில் ஒரு தாளுக்காகச் சட்ஸ்வொர்த்தில் டாக்டர் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலேயே படுத்திருந்தால் மறுநாள் வேலைக்குப் போயிருப்பேன்.

ஒருநாள் மேலாளர் அழைத்து, "உடம்புதான் முக்கியம், வேலையை விட்டு ஓய்வெடுங்களேன்" என்றார். கனிவோடுதான் சொன்னார். அந்தக் கனிவே எனக்குப் பயமாக இருந்தது.

தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தை எடுத்துக்காட்டினார். நீண்டகாலம் நீடிக்கும் குறைபாட்டை மட்டுமல்ல, மீண்டும் மீண்டும் வரும் குறைபாட்டையும் அது ஊனம் என்று ஏற்கிறது. அப்படிப்பட்டவருக்கு முதலாளி நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும். 'மீண்டும் மீண்டும்' என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தேன். என் நோயை முன்பே அறிந்த ஒருவர் எழுதியதுபோல் இருந்தது.

நான் கேட்டது மூன்று. எட்டு மணிக்குப் பதில் பத்து மணிக்கு வருவது. மாதக் கடைசி வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. ஜன்னலோர மேசையை உள்ளே மாற்றுவது. கண்ணாடி வழியாக வரும் வெயிலிலும் புற ஊதாக் கதிர் உண்டு, டர்பன் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். நிறுவனத்துக்கு ஒரு ராண்ட்கூடச் செலவில்லை. அடுத்த ஓராண்டில் நான் எடுத்த விடுப்பு ஆறே நாள். என்னை வேலையிலிருந்து தள்ளிக்கொண்டிருந்ததில் பாதி நோய், பாதி அந்த எட்டு மணி.

ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவள். கீழே பெட்டி கட்டும் பெண்களுக்குச் சரக்கு வண்டி ஏழு மணிக்கு வந்து நிற்கும். நேரத்தை மாற்றும் உரிமை அவர்கள் கையில் இல்லை. 2015இல் அங்கிருந்து ஒருவர் தானாகவே வேலையை விட்டார். விடுப்புத் தாள்களில் எல்லாம் 'உடம்பு வலி' என்றே எழுதியிருந்தார். கணக்கை முடித்து அனுப்பியவள் நான். அவருக்கு என்ன நோய் என்று நான் கேட்கவில்லை.

இந்த மார்ச்சில் புது மேலாளர் வந்திருக்கிறார். என் பத்து மணி ஏற்பாட்டுக்கு மறுபடியும் மருத்துவக் கடிதம் கேட்கிறார். டாக்டரிடம் வாங்கிவிட்டேன். 'மீண்டும் மீண்டும் வரும்' என்பதைத் தனி வரியில் எழுதச் சொல்லி வாங்கினேன்.