மாடு இறங்கும் முதல் இருபது அடி

அமெரிக்காவின் பெரிய மாட்டிறைச்சி ஆலை ஒன்றில் லாரியின் பின்கதவு திறந்ததும் முதல் மாடு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். வாசலில் நிற்கும். தலையைத் தாழ்த்தித் தரையை முகரும். பிறகுதான் ஒரு காலை எடுத்து வைக்கும். அந்த மூன்று நான்கு நொடியை அதற்கு விட்டுக்கொடுத்தால் பின்னால் நிற்பவை தாமாகவே தொடர்ந்து வரும். விட்டுக்கொடுக்காமல் உள்ளிருந்து ஒருவர் அதட்டி விரட்டினால் முதல் மாடு வழுக்கி விழும், அடுத்தது அதன்மேல் ஏறும். மாடுகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கும் விதத்தைச் சரிபார்க்கும் போக்குவரத்துத் தணிக்கையில் முக்கியமானதெல்லாம் இந்த வாசலுக்கும் பட்டிக்கும் இடையிலுள்ள இருபது அடிக்குள் நடந்துவிடுகிறது.

1990களின் நடுப்பகுதி வரை ஆய்வறிக்கைகளில் "கையாளுதல் திருப்திகரம்", "மின்கோல் அதிகம் பயன்படுத்தப்பட்டது" போன்ற வாசகங்கள்தான் இருந்தன. எது அதிகம், எது திருப்தி என்பது எழுதுபவரின் மனநிலையைப் பொறுத்தது. 1996இல் அமெரிக்க வேளாண் துறைக்காக ஆலைகளைச் சுற்றி ஆய்வு செய்த விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், எத்தனை மாடு விழுந்தது, எத்தனை மாடு கத்தியது, எத்தனை மாட்டின் மேல் மின்சாரம் பாய்ச்சி விரட்டும் அந்த மின்கோல் பட்டது என்று தலை தலையாக எண்ணினார். அந்த முறை மறு ஆண்டே ஆலைகளுக்கான வழிகாட்டியானது. 1999இல் மெக்டொனால்ட்ஸ் தனக்கு இறைச்சி தரும் ஆலைகளை அதே அளவுகோலால் தணிக்கை செய்யத் தொடங்கியது. லாரிக்கும் இறக்குமேடைக்கும் தனிப் படிவம் பின்னால் வந்தது.

சட்டம் இதற்கெல்லாம் மூத்தது. ரயில் பெட்டிகளில் மாடு ஏற்றிய காலத்தில், 1873இல் வந்த இருபத்தெட்டு மணிநேரச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 28 மணி நேரத்துக்கு மேல் வண்டியிலேயே அடைத்து வைக்கக் கூடாது, இறக்கித் தீனியும் தண்ணீரும் குறைந்தது 5 மணி நேர ஓய்வும் தர வேண்டும். உரிமையாளர் எழுத்தில் கேட்டால் 36 மணி நேரம் வரை நீட்டலாம். ஆலை எல்லைக்குள் 1958, 1978 ஆண்டுகளின் மனிதநேயக் கசாப்புச் சட்டங்களும் அவற்றின் விதிகளும் பொருந்தும்: சாதாரண நடைவேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மின்கோலின் மாறுமின்னழுத்தம் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, எழ முடியாத மாட்டை உணர்வோடு இருக்கும்போது இழுக்கக் கூடாது. லாரி ஆலை வாசலுக்குள் நுழைந்துவிட்டால் அதுவும் ஆலையின் பகுதிதான். "ஓட்டுநர் எங்கள் ஆள் இல்லை" என்ற பதில் அங்கே செல்லாது.

தணிக்கையில் முதலில் எடுக்க வேண்டியது கடிகாரம். ஒவ்வொரு லாரிக்கும் நான்கு நேரங்கள் வேண்டும்: வாசலைத் தாண்டியது, மேடையோடு பின்பக்கம் ஒட்டியது, முதல் மாடு இறங்கியது, கடைசி மாடு இறங்கியது. வந்து சேர்ந்த 60 நிமிடத்துக்குள் இறக்கத் தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டியின் எதிர்பார்ப்பு. வாசல் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள், சாலையில் ஓரங்கட்டி நிற்கும் லாரிகள் அதில் வருவதில்லை. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே கன்வேயர் நின்றுபோனதும் பட்டிகள் நிரம்பியதும்தான். அன்றைக்கு என்ன செய்வார்கள் என்று ஆலையில் எழுதி வைத்திருக்கிறார்களா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். அலுமினிய டிரெய்லரின் பக்கவாட்டுத் துளைகளில் காற்று நுழைவது வண்டி ஓடும்போதுதான். கோடையில் நின்ற வண்டிக்குள், 35 மாடுகளின் உடல்சூடும் மூச்சின் ஈரமும் சேர்ந்து சீக்கிரமே புழுக்கம் தாங்க முடியாததாகிவிடும். இறக்க இடமில்லை என்றால் ஓட்டுநரை ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்வதே மேல். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் காற்று குறுக்கே அடிக்கும்படி, வண்டிக்கு வண்டி இடம் விட்டு நிறுத்த வேண்டும்.

அடுத்தது வண்டியின் உள்ளமைப்பு. அங்கே அதிகம் ஓடுவது 53 அடி நீளமுள்ள, நடுவில் தொப்பை போலத் தாழ்ந்த டிரெய்லர். முன்னால் மூக்கு, நடுவில் மேல்தளமும் கீழே வயிறும், பின்னால் வால் என்று அறைகள். சாலை விதிப்படி வண்டியும் சரக்கும் சேர்ந்து 80,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் 48,000 முதல் 50,000 பவுண்டு மாடு ஏறும், அதாவது 1,400 பவுண்டு மாடு சுமார் 35. கொம்பில்லாத 1,400 பவுண்டு மாட்டுக்கு 18 சதுர அடி, 1,200 பவுண்டுக்கு 14.5 சதுர அடி என்பது கிராண்டினின் பரிந்துரை. மொத்த எண்ணிக்கையை வைத்து இதைச் சரிபார்க்கக் கூடாது. ஓட்டுநரிடம் அறைவாரியாக எத்தனை ஏற்றினார் என்று கேட்டு, ஒவ்வொரு அறையின் பரப்போடும் தனித்தனியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். மொத்தம் சரியாக இருந்து வயிற்றில் மட்டும் நெருக்கியிருப்பது சகஜம்.

வயிற்றறைதான் தொல்லை பிடித்த இடம். அங்கிருந்து வெளியே வர மாடு உள்ளேயே ஒரு சரிவு ஏற வேண்டும். ஏறும்போது மேல்தளத்தின் விளிம்பு முதுகுக்கு மேலே ஒட்டினாற்போல் இருக்கும். இன்றைய மாடுகள் உயரமும் எடையும் கூடியவை. அவசரப்படுத்தினால் தலையைத் தூக்கிக்கொண்டு குதித்து ஏறும், முதுகு விளிம்பில் இடிக்கும். வயிற்றறையை இறக்கும்போது அந்த விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்து, எத்தனை முதுகு இடிக்கிறது என்று எண்ணுங்கள். அறைகளுக்கு நடுவே மேலிருந்து இறங்கும் கதவு முழுவதுமாக ஏறவில்லை என்றாலும் இதே அடி விழும். அதன் கீழ்விளிம்பில் ரப்பர் உறை இருக்கிறதா, தூக்கியபின் கொக்கி மாட்டப்பட்டதா என்பதைக் கதவு திறந்த அந்த நிமிடமே பார்த்துவிட வேண்டும்.

இனி தரை. டிரெய்லருக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு குளம்பு நுழையும் இடைவெளி இருந்தால் போதும், கால் முறிய. வண்டி சற்றே கோணலாக ஒட்டினால் ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் திறந்திருக்கும். ஓட்டுநரின் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. டார்ச்சோடு கீழே இறங்கி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பெரிய டிரெய்லரின் தரை நிலத்திலிருந்து சுமார் 48 அங்குல உயரம், விவசாயிகள் பிக்கப்பில் இழுத்துவரும் சின்ன வண்டியோ தரையோடு தரையாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே மேடையை வைத்துச் சமாளிக்கும் ஆலையில் சின்ன வண்டி மாடுகள்தான் தடுக்கி விழும்.

மாடு வண்டியை விட்டு வெளியே வந்ததும் சமதளம் இருக்க வேண்டும். காலடி வைத்த உடனே சரிவு தொடங்கினால், கண் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பழகுமுன் கால் சறுக்கிவிடும். நிரந்தரச் சரிவு 20 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கான்கிரீட் சரிவில் படி வைப்பதே நல்லது: உயரம் மூன்றரை அங்குலம், அகலம் 12 அங்குலம். கட்டை அடித்த சரிவு என்றால் கட்டைக்கும் கட்டைக்கும் 8 அங்குலம். அதற்கு மேல் விட்டால் குளம்பு நடுவில் வழுக்கும், நெருக்கினால் குளம்பு கட்டைகளின் மேலேயே நிற்கும். சமதளக் கான்கிரீட்டில் 8 அங்குலச் சாய்சதுரமாக, ஓரங்குல ஆழத்தில் வரித்தடம் வெட்டுவார்கள். துடைப்பத்தால் கீறிய சொரசொரப்பு சில மாதங்களில் தேய்ந்து கண்ணாடியாகிவிடும். தேய்ந்த தரையில் கம்பி வலை பதித்தால் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறாமல் ஒரே மட்டத்தில் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். ஏறியிருந்தால் அந்த முடிச்சுகளில் குளம்பு அடிபடும்.

எண்ணும்போது வார்த்தைகளுக்குத் துல்லியமான பொருள் வேண்டும். காலைத் தவிர உடம்பின் வேறு பாகம் தரையில் பட்டால் அது விழுதல். முழங்கால் தரையைத் தொட்டாலோ, குளம்பு இயல்பான நடையல்லாத விதத்தில் பிடி நழுவினாலோ அது வழுக்குதல். ஒரு மாடு இரண்டு முறை விழுந்தாலும் ஒரு மாடுதான். பெரிய ஆலையில் 100 தலை எண்ணுவது வழக்கம், விழுதலின் எல்லை 1 சதவீதம். என் கருத்தில் அந்த நூறை மூன்று நான்கு வண்டிகளிலிருந்து எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் எல்லா அறைகளும் காலியாகும்வரை நின்று பார்க்க வேண்டும். முதலில் இறங்கும் வால் அறையை மட்டும் எண்ணினால் எந்த ஆலையும் தேறிவிடும்.

மூன்று வண்டி, 105 மாடு, இரண்டு விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் போட்டுவிட்டுப் போவது எளிது. விழுந்த இடத்தைப் படிவத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் படமாக வரைந்து புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தால் காரணம் தரையில் இருக்கிறது. வண்டியையும் மேடையையும் இணைக்கும் தகட்டின் மேல் சாணி படிந்திருக்கலாம், வடிகால் மூடி ஆடலாம். புள்ளிகள் சிதறியிருந்தால் காரணம் அநேகமாக விரட்டும் ஆளிடம் இருக்கும். தரைக்கு மணலும் ரப்பர் பாயும் தீர்வு, ஆளுக்குப் பயிற்சி தீர்வு. இரண்டையும் குழப்பினால் அடுத்த தணிக்கையிலும் இதே எண்தான் வரும்.

மின்கோல் என்பது நம் தார்க்குச்சிக்கு பேட்டரி போட்டதுதான். பொத்தானை அழுத்தினாரா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்பதால், கோல் மாட்டின் மேல் பட்டாலே கணக்கு. கண், காது, மூக்கு, மலவாய், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வேண்டுமென்றே வைத்தால் அந்த ஒரு செயலே தோல்வி. மாட்டின் மேல் கதவை அறைவதும், சரிவில்லாமல் வண்டியிலிருந்து குதிக்க வைப்பதும், அடிப்பதும் அப்படியே. மேடையில் மட்டும் நின்றால் கோலைப் பாதிதான் பார்ப்பீர்கள். சில ஓட்டுநர்கள் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் கோலை நுழைத்து வயிற்றறையையும் மூக்கையும் காலி செய்வார்கள். ஒரு வண்டிக்காவது பக்கத்தில் போய் நில்லுங்கள். எங்கே நின்றாலும் மாடு போகும் பாதைக்கு எதிரே, அதன் கண்ணில் படும்படி நிற்காதீர்கள். தணிக்கையாளரைப் பார்த்து மிரண்டு திரும்பும் மாடு ஆலையின் கணக்கில் ஏறக் கூடாது. 2020 முதல் பெரிய ஆலைகள் ஓட்டுநர்களிடம் மாட்டிறைச்சித் தர உறுதித் திட்டத்தின் போக்குவரத்துப் பயிற்சிச் சான்றைக் கேட்கின்றன. அட்டையின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

மாடு தயங்கினால் கோலைத் தேடுமுன் அதன் கண் உயரத்துக்குக் குனிந்து முன்னே பார்க்க வேண்டும். தொங்கும் சங்கிலி, வேலியில் போட்ட மஞ்சள் மழைக்கோட்டு, தேங்கிய தண்ணீரில் மினுக்கும் விளக்கு, தரையில் விழும் நிழற்பட்டை என்று ஏதாவது ஒன்று இருக்கும். இரவில் விளக்கு மாட்டின் முகத்தில் அடிக்காமல் அது போகும் வழியில் விழ வேண்டும்.

வண்டிக்குள் எழ முடியாமல் கிடக்கும் மாடுதான் ஒரு ஆலையின் குணத்தைக் காட்டும். 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் பைத்திய மாட்டு நோய் கண்டறியப்பட்டதும், மறுமாதமே அப்படிப்பட்ட மாடுகள் உணவுக்குத் தடை செய்யப்பட்டன. 2008இல் கலிஃபோர்னியா ஆலையொன்றில் எழ முடியாத மாடுகளை வதைத்த காணொளி வெளியாகி 143 மில்லியன் பவுண்டு இறைச்சி திரும்பப் பெறப்பட்டது. ஆலையில் பரிசோதனையில் தேறிய பிறகு விழும் மாட்டுக்கு இருந்த விதிவிலக்கும் 2009இல் போயிற்று. ஆகவே அந்த மாட்டை எழுப்பி நிறுத்துவதால் யாருக்கும் லாபமில்லை. வண்டியிலேயே, நெற்றியில் உலோகத் தண்டைப் பாய்ச்சும் போல்ட் துப்பாக்கியால் உணர்விழக்கச் செய்து, கண்ணில் அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இழுக்கக் கயிறு கட்ட வேண்டும். துப்பாக்கி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள், இரவு ஷிப்டில் யாருக்குச் சுடத் தெரியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் மேடையில் நிற்பவரே பதில் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளரைத் தேடி ஓடும் நேரமெல்லாம் அந்த மாடு அங்கேயே கிடக்கிறது.

நடக்கும் மாட்டுக்கு நான்கு படிநிலை உண்டு. 1 இயல்பான நடை. 2 சற்று விறைப்பு, ஆனால் மந்தையோடு போகும். 3 வெளிப்படையாகச் சிரமப்பட்டுப் பின்தங்கும். 4 தூண்டினாலும் சிலைபோல் நிற்கும். 2013இல் எடை கூட்டும் ஜில்மாக்ஸ் தீவனச் சேர்க்கையின் விற்பனை நிறுத்தப்பட்டதே ஆலைக்கு வந்த மாடுகள் நடக்கச் சிரமப்பட்டதைப் பார்த்த பிறகுதான். 2016ஆம் ஆண்டின் தேசிய மாட்டிறைச்சித் தரத் தணிக்கையில் 96.8 சதவீத மாடுகள் முதல் படியில் இருந்தன. கேட்க நன்றாக இருக்கிறது. 35 மாடு ஏற்றிய வண்டியில் மிச்சம் 3.2 சதவீதம் என்றால் வண்டிக்கு ஒரு மாடு. அந்த ஒன்றின் வேகத்துக்குத்தான் மற்றதெல்லாம் நடக்க வேண்டும், அதைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது.

பட்டியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பட்டியிலும் தண்ணீர், 24 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் தீனி, இரவு தங்கினால் எல்லா மாடும் படுக்க இடம். தொட்டியில் கையை விட்டுப் பாருங்கள், குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடியிருக்கும்.

நேரம் இருந்தால் தோலுரித்த உடல்கள் வரும் இடத்துக்கும் ஒரு மணி நேரம் போங்கள். அதே 2016 தணிக்கையில் சிராய்ப்பும் ரத்தக்கட்டும் இல்லாதவை 61.1 சதவீதமே. மஞ்சள் படர்ந்த கட்டு பல நாள் பழசு, ஆலைக்கு வருமுன் ஏற்பட்டது. பளிச்சென்ற சிவப்பு புதுசு. அது முதுகின் நடுக்கோட்டில் வரிசையாக வந்தால் எந்த லாரியின் மாடுகள் அவை என்று பார்த்து, காலையில் வயிற்றறை விளிம்புக்கு நேரே எடுத்த எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.