5எஸ் தொடங்குவது எளிது, நிலைப்பது ஏன் கடினம்?

வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறையைத் தொடங்கிய தொழிற்சாலையில் முதல் சில வாரங்கள் தரை பளபளக்கும். ராக்குகளில் லேபிள் இருக்கும், போர்டில் 'முன்பு – பின்பு' படங்கள் தொங்கும். பிறகு ஒரு நாள், சரக்கு அடுக்கும் பேலட் ஒன்று மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கும். யாரும் நகர்த்த மாட்டார்கள். அடுத்த வாரம் அதன்மேல் இன்னொன்று ஏறும். 'நம் ஆட்களுக்கு ஒழுங்கு வராது' என்று மேலதிகாரிகள் சொல்லிவிடுவார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. அந்த பேலட் ஏன் அங்கே வந்தது, எங்கே போக வேண்டும், யார் எடுக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது. முடிவெடுக்க ஆளும் நேரமும் ஒதுக்காத இடத்தில்தான் 5எஸ் படுத்துவிடுகிறது.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான 5எஸ் முறையின் ஐந்து படிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: வேண்டாததை விலக்குதல், வேண்டியதற்கு இடம் குறித்தல், துடைத்துச் சுத்தம் செய்தல், அதை ஒரே முறையாக்குதல், விடாமல் காத்தல். இவற்றில் முதல் படியை அவசரமாக முடிக்கும் இடங்களில் மற்ற நான்கும் நிற்பதில்லை. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

முழுத் தொழிற்சாலையிலும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லைன் அல்லது ஒரு செல் (சில மெஷின்கள் சேர்ந்த சிறு பகுதி) போதும். கருவி தேடி நடப்பது கண்ணுக்குத் தெரியும் இடமாக அது இருக்கட்டும். வேலை தொடங்கும் முன் படம் எடுங்கள். படம் எடுப்பவர் நிற்கும் இடத்தைத் தரையில் குறித்து வைத்தால், பின்னால் அதே கோணத்தில் ஒப்பிட முடியும். ஒரு ஷிஃப்டில் கருவி தேடுவதற்கும் பொருளுக்குக் காத்திருப்பதற்கும் எத்தனை நிமிடம் போகிறது என்றும் எழுதி வையுங்கள். படத்தைவிட இந்த எண்தான் பின்னால் பேசும்.

இனி ரெட் டேக், அதாவது வேண்டுமா வேண்டாமா என்று முடிவாக வேண்டிய பொருளில் மாட்டும் சிவப்பு அட்டை. டேகில் வரிசை எண், தேதி, பொருளின் பெயர், எண்ணிக்கை, கிடந்த இடம், டேக் போட்ட காரணம், போட்டவர் பெயர் ஆகியவை வேண்டும். பெரும்பாலான டேகுகளில் இவ்வளவு இருக்கும். விடுபடுவது கடைசி மூன்று: என்ன முடிவு, முடிவெடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் காலியாக இருந்தால், டேக் போட்ட பொருளை ஒதுக்கி வைக்கும் ரெட் டேக் ஏரியா விரைவில் இன்னொரு ஸ்க்ராப் யார்டு ஆகிவிடும். முப்பது நாளுக்குள் முடிவாகாத பொருளை அந்தப் பகுதியின் மேனேஜரே தீர்க்க வேண்டும் என்ற விதியை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டேக் போடும் நாளில் உற்பத்தி ஆட்கள் மட்டும் சுற்றினால் போதாது. ஸ்டோர்ஸ், மெயின்டெனன்ஸ், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ் என ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் உடன் வர வேண்டும். பழைய மோட்டார் கம்பெனியின் சொத்துக் கணக்கில் இருக்கலாம். மூலையில் கிடக்கும் டை (வார்ப்பு, அழுத்து வேலைக்கான அச்சு) வாடிக்கையாளருடையதாக இருக்கலாம். அளவு பார்க்கும் கேஜ் என்றால் அதன் துல்லியத்தைச் சோதித்த காலிபரேஷன் பதிவைப் பார்க்க வேண்டும். காலாவதியான பெயின்ட், தின்னர் போன்றவற்றைக் கழிவு விதிப்படிதான் அகற்ற முடியும். தெரியாமல் தூக்கி எறிந்த ஒரே ஒரு பொருள் போதும், 'அன்றைக்கே சொன்னேனே' என்று மொத்தத் திட்டத்தையும் நிறுத்த.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி: கடைசியாக எப்போது பயன்பட்டது? அடுத்து எப்போது தேவை? எறிந்துவிட்டுத் திரும்ப வேண்டுமென்றால் எத்தனை நாளில் கிடைக்கும்? மூன்றாவதைப் பலர் கேட்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷினின் கியர் இரண்டு வருடம் தொடப்படாமல் இருக்கலாம். வாங்க ஆறு மாதம் ஆகும் என்றால் அது குப்பை ஆகாது. ஸ்பேர் ஸ்டோருக்குப் போக வேண்டிய பொருள் அது.

ஆபரேட்டரின் லாக்கரில் பத்து ட்ரில் பிட்டும் நான்கு ஆலன் கீயும் கிடைத்தால் அவரைத் திட்டாதீர்கள். ஸ்டோர்ஸில் ஒரு பிட் வாங்க இருபது நிமிடம் வரிசையில் நிற்க வேண்டும் என்றால், யாராக இருந்தாலும் பதுக்கத்தான் செய்வார்கள். முதலில் ஸ்டோர்ஸ் வழங்கும் முறையைச் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் லாக்கரைக் காலி செய்தால், பிட்டுகள் வேறொரு மறைவிடத்துக்குப் போகும்.

இடம் குறிப்பதில் அளவுகோல் பயன்பாட்டின் வேகம்தான். ஒவ்வொரு வேலைச் சுற்றிலும் (சைக்கிள்) எடுக்கும் கருவி கை எட்டும் தூரத்தில், ஷிஃப்டுக்கு ஓரிரு முறை எடுப்பது சில அடி தூரத்தில், மாதம் ஒருமுறை எடுப்பது பிரிவின் பொது அலமாரியில், வருடம் ஒருமுறை என்றால் ஸ்டோர்ஸில். கனமான பொருள் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், தலைக்கு மேலே வேண்டவே வேண்டாம். கருவிகளின் வடிவத்தை வரைந்து அவற்றை அதன்மேல் மாட்டி வைக்கும் ஷேடோ போர்டு அழகாக இருக்கும். ஆனால் செட்டிங் ஸ்பேனரை மெஷினில் பயன்படுத்திவிட்டு மாட்டுவதற்கு மெயின்டெனன்ஸ் ரூம் வரை நடக்க வேண்டுமென்றால், அந்த ஸ்பேனர் மெஷின் மேலேதான் கிடக்கும். போர்டை மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நுகர்பொருள் வைக்கும் பெட்டிகளுக்குக் குறைந்தபட்ச (மின்), அதிகபட்ச (மேக்ஸ்) இருப்பைக் காட்டும் கோடுகளைக் கண்ணளவில் போடாமல் கணக்குப் போட்டுப் போடுங்கள். ஒரு போல்ட் நாளுக்கு 200 தேவை, கேட்டபின் வந்து சேர ஒரு நாள் ஆகும், பாதுகாப்புக்கு அரை நாள் என்றால் மின் 300. ஒரு முறை நிரப்புவது 400 என்றால் மேக்ஸ் 700. உற்பத்தித் திட்டம் மாறும்போது இந்தக் கோடும் மாற வேண்டும். மாறாவிட்டால் ஒரு பக்கம் பொருள் தீரும், மறுபக்கம் குவியும். பிறகு பெட்டியில் உள்ள கோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

தரைக் கோடுகளை உடனே பெயின்ட்டில் போட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள், இடம் கட்டாயம் மாறும். டேப் உரிவது பெரும்பாலும் தரையில் எண்ணெய்ப் படலம் இருப்பதாலும், ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் இடத்தில் சக்கரம் இழுப்பதாலும்தான். கொழுப்பு நீக்கியால் கழுவி, நன்றாக உலர்த்தி, ரோலரால் அழுத்தி ஒட்டினால் நிற்கும். வண்டி திரும்பும் மூலையில் தொடர் கோட்டை விட்டுவிட்டு மூலைக் குறிகள் மட்டும் போடலாம். மின் பேனல், தீயணைப்பான், அவசர வழி ஆகியவற்றின் முன்னால் விட வேண்டிய இடத்துக்கு அந்தந்த நாட்டு விதி இருக்கிறது. அதை முதலில் அளந்து கோடு போட்டுவிட்டு, மிச்ச இடத்தைப் பங்கிடுங்கள்.

சுத்தம் செய்வது மெஷினைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு. துடைக்கும் கைதான் தளர்ந்த போல்ட்டையும், விரிசல் விட்ட பெல்ட்டையும், சூடேறிய பேரிங்கையும் முதலில் கண்டுபிடிக்கும். தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, டேக் மாட்டுவது கட்டாயம். கம்ப்ரஸ்டு ஏரால் ஊதுவதை நிறுத்துங்கள். உலோகச் சீவல்கள் (சிப்ஸ்) மெஷின் நகரும் ஸ்லைடுவேக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போகும். பிரஷ்ஷும் வேக்யூம் கிளீனரும் போதும்.

ஆயில் கசிவைத் தேட ஒரு முறை: முழுதும் துடைத்து உலர்த்துங்கள். மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, ஈரம் தெரியும் இடங்களில் எது மேலே இருக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் கீழே வழிவதால் கசிவு பெரும்பாலும் அந்த உச்சியில்தான் இருக்கும். அங்கே பழுது டேக் மாட்டுங்கள். அடியில் ட்ரே வைத்துவிட்டுப் போனால் அந்த ட்ரேயைத் தினமும் ஒருவர் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும். மாட்டிய டேக் மாதக்கணக்கில் தொங்கினால் ஆபரேட்டர் அடுத்த பழுதைச் சொல்ல மாட்டார். அதனால் இந்த டேகுகளுக்கென்று மெயின்டெனன்ஸ் ஆட்களின் நேரத்தில் வாரம் சில மணி நேரத்தை நிர்வாகம் எழுத்தில் ஒதுக்க வேண்டும். 5எஸ் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

தினசரிச் சுத்தத்துக்கு ஒரு பக்கப் படம் போதும்: எந்த இடம், எதைக் கொண்டு, யார், எத்தனை நிமிடம். நேரம் ஷிஃப்டுக்குள் இருக்க வேண்டும். 480 நிமிட ஷிஃப்டில் ஐந்து நிமிடம் என்பது ஏறத்தாழ ஒரு சதவீதம். டார்கெட்டில் அந்த ஒரு சதவீதத்தைக் குறைக்காமல் 'ஐந்து நிமிடம் சுத்தம் செய்யுங்கள்' என்றால், செக் ஷீட்டில் டிக் விழும், வேலை நடக்காது.

ஆடிட் கேள்வியைப் பார்த்தாலே திட்டத்தின் தரம் தெரிந்துவிடும். 'இடம் சுத்தமாக உள்ளதா?' என்று கேட்டால் ஆளுக்கொரு மதிப்பெண் வரும். 'போர்டில் காலியான ஒவ்வொரு இடத்திலும், கருவியை எடுத்தவரின் டோக்கன் தொங்குகிறதா?' என்றால் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான். பட்டியலிலிருந்து ஏதாவது மூன்று பொருளைச் சொல்லி, முப்பது வினாடியில் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்தப் பகுதிக்குப் புதியவர் எடுத்து வந்தால் இடக்குறி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆடிட் செய்பவர் வேறு பிரிவிலிருந்து வர வேண்டும், முன்கூட்டிச் சொல்லக் கூடாது, நைட் ஷிஃப்டையும் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணை ஊக்கத்தொகையோடு கட்டாதீர்கள். கட்டினால் எல்லாப் பிரிவும் 90-க்கு மேல் வாங்கும், தரையில் எண்ணெய் அப்படியே இருக்கும். மதிப்பெண்ணைவிடத் திறந்திருக்கும் டேகுகளின் வயதைப் போர்டில் எழுதுங்கள்.

அலுவலகத்தில் ஸ்டேப்ளரைச் சுற்றி டேப் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே நேரம் போவது பொது ஃபோல்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் புதிது' என்று கிடக்கும் ஃபைல்களைத் தேடுவதில்தான். பெயரிடும் முறை, பழையதை நகர்த்தும் தேதி, அதற்குப் பொறுப்பானவர் என மூன்றும் முடிவானால் போதும்.

அடுத்த லைனுக்கு எப்போது போகலாம்? முதல் லைன் ஒரு மாதக் கடைசி அவசரத்தையும், ஒரு புது மாடல் மாற்றத்தையும் தாண்டிய பிறகு போகலாம். கோட்டைத் தாண்டி பேலட் நிற்பதும், கேஜ் போர்டு காலியாவதும், சுத்தம் செய்யும் ஐந்து நிமிடம் வெட்டப்படுவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். மாதத்தின் முதல் வேலை நாளில் சூப்பர்வைசரும் மேனேஜரும் சேர்ந்து அந்த லைனைச் சுற்றி வந்து, இடம் மாறியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதட்டும். ஒரே காரணம் இரண்டு மாதம் வந்தால் பிழை லே-அவுட்டிலோ திட்டமிடலிலோ இருக்கிறது. அதைத் திருத்திய பிறகு இரண்டாவது லைனில் டேக் போடத் தொடங்குங்கள்.